சேர்ந்தா, தனித்தனியா

1

இந்தக் கதை எனக்குச் சாக்கடைத் தண்ணீரோடு கிடைத்தது. பக்கத்து வீட்டு ரோண்டாவின் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்து, ஒழுகுகிற குழாயை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் போன் அடித்தது. கை ஈரமென்று ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டு பக்கப் பேச்சும் என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்டதாக நினைக்கவேண்டாம். எழுந்து போக வழியில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, தொடக்கம்:

ஓஹையோ ஆற்றின்மேல் மூடுபனி மெல்லக் கலைய, ரோண்டா தன் புதுவாழ்வை நோக்கி—

(வேண்டாம். அன்று பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த மாதிரி வாக்கியம் கல்லூரி விளம்பரப் பலகையில் இருக்கும்.)

2

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரோண்டாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. துணி வெளுக்கும் ஆலையை மூடியபிறகு, அரசாங்கத்து உணவு அட்டையில்தான் சாப்பாடு. அந்த அட்டை உள்ளவர்களுக்குச் சமுதாயக் கல்லூரியில் தொழில் சொல்லித்தருகிறோம் என்றார்கள். வெல்டிங்கில் சேர்ந்தாள். கட்டணம் அவர்கள் பொறுப்பு, பஸ்சும் அவர்கள் பொறுப்பு, இரும்புமுனை பூட்ஸ் கூட வாங்கிக் கொடுத்தார்கள். முடித்தால் படகுப் பட்டறையில் வேலைக்குச் சொல்லிவிட ஒரு ஆளும் உண்டு. சும்மா பூட்ஸ் கொடுக்கிறவன், அந்தக் கால் எங்கே போகிறது என்று கேட்காமல் விடமாட்டான் என்று நான் சொன்னேன். அவள் சிரித்தாள்.

அட்டை இருக்கிறவரைதான் படிப்பு. அட்டை போனால் கல்லூரியும் போச்சு. அந்தப் போன் வந்தபோது கடைசித் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

இனி தம்பி. டெல்பர்ட். மனைவி துரத்திவிட்ட பிறகு அக்காவின் டிரெய்லர் வீட்டுக்கு வந்தவன். இப்போது கோழி ஆலையில் ஒப்பந்த வேலை. கையில் காசு இருக்கிறது. என்றைக்குப் 'போ' என்பார்களோ தெரியாது.

சட்டம் கூரையைப் பார்க்காது, அடுப்பைப் பார்க்கும்.* அக்கா தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் வாங்குவதும் சமைப்பதும் தனியென்றால் இரண்டு குடும்பம். சேர்ந்து சமைத்தால் ஒரே குடும்பம். தம்பி சம்பளம் அக்கா கணக்கில் ஏறிவிடும். அட்டை பறிபோய்விடும்.

(* இதை எழுதியவன் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.)

முதலில் தனியாகத்தான் இருந்தார்கள். குளிர்பெட்டியில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு. பிறகு அவள் படிக்கப் போனாள். பொறி பட்டுக் கண் சிவந்து, தோள் இற்று, வீட்டுக்கு வந்தால் பூட்ஸோடு தூங்கிவிடுவாள். டெல்பர்ட் தன் பானையில் ஒரு கைப்பிடி பயறு கூடப் போட ஆரம்பித்தான். அடுத்த வாரம் இரண்டு கைப்பிடி. யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

3

போனில் பேசிய உணவு அட்டை அலுவலகத்து அதிகாரி அம்மாளை முதலில் பாம்பாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவளுக்கு ஜலதோஷம். வாக்கியத்துக்கு வாக்கியம் மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் பிடித்த பாம்பை யார் நம்புவார்கள்?

"மிஸ் ரோண்டா, வருஷா வருஷம் கேக்கறதுதான். பயப்படாதீங்க."

"பயமெல்லாம் இல்ல மேடம்."

"கிளாஸ் எப்படிப் போகுது?"

"அடுத்த வாரம் டெஸ்ட். செங்குத்தா நிறுத்தின தகட்டுல கீழேருந்து மேலே பத்த வைக்கணும். உருகின இரும்பு கொஞ்சம் கீழ வழியுது."

"எங்க மச்சான் அதுல மூணு தடவ கோட்டை விட்டான். நீங்க பண்ணிடுவீங்க." மூக்குறிஞ்சல். "சரி. வீட்ல உங்க தம்பியும் இருக்காருன்னு பதிவாயிருக்கு. வேலைக்குப் போறாராம்."

குழாயை முறுக்குவதை நிறுத்தினேன். அடுப்பில் பன்றி எலும்பு போட்ட பயறு கொதிக்கும் சத்தம் கேட்டது.

"ஆமா மேடம். போறான்."

"அப்ப இதைக் கேட்டாகணும். வாங்கறது, சமைக்கறது—ரெண்டு பேரும் சேர்ந்தா, தனித்தனியா?"

4

இங்கே டெல்பர்ட்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவனை இப்படியே எழுதினால் நான் கிண்டல் செய்கிறேன் என்பீர்கள். ஆனால் தொட்டிக்கடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன், நடந்தது இதுதான்.

அவன் சத்தமில்லாமல் வந்து, என் முகத்துக்கு மேலே இருந்த அலமாரியிலிருந்து இன்னொரு பானையை உருவினான். கொதிக்கிற பயறைக் கரண்டி கரண்டியாக மொண்டு அதில் ஊற்றினான். எலும்பு ஒன்றுதான் இருந்தது. சற்று யோசித்து, அதை அக்காவுக்கென்று எடுத்த புதுப் பானையில் போட்டான். இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அக்காவுக்குச் சைகை காட்டினான்: தனி.

ரோண்டா போனைக் கையால் பொத்தினாள். "டேய், கிறுக்கா. என்னடா பண்ற?"

"பாத்துக்க. ரெண்டு பானை. இப்பச் சொன்னா பொய் இல்ல."

"கடை சாமான் யாரு வாங்கினா?"

"உப்பு உன்னுதுக்கா."

"டெல்..."

"யோவ் பெருசு, நீ சாட்சி."

"என்னை இழுக்காதே," என்றேன், தலையை மறுபடி தொட்டிக்கடியில் இழுத்துக்கொண்டு. "எனக்குக் கண்ணும் தெரியல, காதும் கேக்கல."

"மிஸ் ரோண்டா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"நான் கேக்கறது இன்னிக்கு ஒரு நாளைப் பத்தி இல்ல." இப்போது அவள் மூக்கை உறிஞ்சவில்லை. நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "வழக்கமா. வழக்கமா எப்படிங்கறதுதான் கேள்வி."

வழக்கமா. இந்த ஒரு சொல்லோடு எத்தனையோ நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்துவிட்டாளா, கண்ணி வைத்தாளா? அவள் முறைப்படி ஒப்பிக்கவேண்டிய சொல்தானா? அலுவலகத்தார் மெதுவாகப் பேசினாலே என் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். ரோண்டா அப்படியில்லை. அவள் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அந்த பூட்ஸ். வலது பூட்ஸ் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. 'தனித்தனி' என்கிறாள். அட்டை நிற்கிறது. தேர்வில் தேறிப் பட்டறைக்குப் போகிறாள். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் டெல்பர்ட் தனியே பொங்குகிறான், சொன்ன சொல்லை மெய்யாக்க. அக்கா பசியோடு வந்து ஆறிய அடுப்பைப்—

ஆ. 'சேர்ந்துதான்' என்கிறாள். நேர்மை ஜெயிக்கிறது. (எங்கே ஜெயிக்கிறது? அடுத்த வாரம் அவள் முகக்கவசத்தை வேறொருத்தி மாட்டிக்கொள்வாள்.)

இ. டெல்பர்ட் போனைப் பிடுங்கி, 'நான் இன்னிக்கே கிளம்பறேன் மேடம்' என்கிறான். இது நன்றாக இருக்கிறது. நடக்கவில்லை.

6

ரோண்டா பதில் சொன்னாள். ஒரே சொல். எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சரி, எழுதிக்கிட்டேன்" என்றாள் அந்த அம்மாள்.

அந்தச் சொல்லை இங்கே எழுதினேன். படித்துப் பார்த்தேன். கதைக்குக் கச்சிதமாக இருந்தது. பிறகு பேனாவாலேயே குத்திக் கிழித்தேன்.

ஏனென்றால் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அலுவலகத்திலும் கதை படிக்கிறவர்கள் இருப்பார்கள். ரோண்டா அவள் பேரில்லை. வெல்டிங்கும் வேறு ஏதாவதாக இருக்கலாம். ஓஹையோ என்றதும் சும்மாதான்; எந்த ஆறு என்று கேட்டாலும் நான் சொல்லப்போவதில்லை.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே அந்தப் போனை எடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். சொன்னதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம்கூடச் சொல்லவேண்டாம்.