உப்பு குடோனில் எடுத்த படம்

உப்பு குடோனைப் படம்பிடிக்க மெட்ராஸிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மாலதி வந்து சொன்னபோது, குணசுந்தரி கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து புருஷன் தெய்வசிகாமணி போனதிலிருந்து அவளுக்குப் பசியும் இல்லை, அழுகையும் இல்லை. மரத்துப்போயிருந்தாள்.

"எந்திரிடி. அங்க எடுத்த சினிமாவுல உன் வூட்டுக்காரு கூட்டத்துல நின்னாரே. அந்தப் பொண்ணாண்ட கேட்டா மூஞ்சி கெடைக்கும்."

நாளைக்குக் காரியம். மாலை போட ஒரு படம் இல்லை. கல்யாண ஆல்பத்தைப் புயல் வெள்ளம் கொண்டுபோனது, போனைக் கடல் கொண்டுபோனது. ஆதார் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். யாரோ திருட்டுப்பயல் மாதிரி வந்தது.

குடோனில் இப்போது கிழிந்த வலைகளும் நாய்களும்தான். அந்தச் சினிமாவில் அதுதான் போலீஸ் ஸ்டேஷன். சினிமா எடுத்த பழைய கட்டடங்களைத் தேடிப்போய்ப் படம்பிடிக்கிற அந்த மெட்ராஸ் பெண் சுபஸ்ரீ, அந்தக் காட்சியை லேப்டாப்பில் நிறுத்திவைத்து, அதே கோணம் கிடைக்கக் கேமராவை நகர்த்திக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டதும் அதை விட்டுவிட்டுக் காட்சியை முதலிலிருந்து ஓட்டினாள்.

"தோ, அவருதான்," என்று குணசுந்தரி திரையில் விரல் வைத்தாள்.

முதுகு. தோளில் கிழிசலுக்குக் குணசுந்தரி போட்ட பச்சை ஒட்டு. கூட்டத்தில் மற்ற எல்லோரும் ஒரு தடவையாவது கேமராவைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள். அவன் மட்டும் திரும்பவே இல்லை. சுபஸ்ரீ நிறுத்தி நிறுத்தித் தேடினாள்.

"கேமராவைப் பாக்கக் கூடாதுன்னு டைரக்டரு சொன்னாராம். வூட்டுக்கு வந்து பெருமையா சொன்னாரு," என்றாள் குணசுந்தரி.

ஊரில் யார் சொன்னாலும் கேட்பான் மகராசன், பெண்டாட்டி சொன்னால் மட்டும் கேட்க மாட்டான். காற்று சரியில்லை, போகாதே என்று அன்றைக்கு அவள் சொன்னாளே, கேட்டானா?

"முகமே இல்லையேக்கா," என்றாள் சுபஸ்ரீ.

"இத்தையே போட்டுக் குடும்மா."

மறுநாள் சுபஸ்ரீயே பொன்னேரியில் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மாலை போட்டார்கள். விளக்கு ஏற்றினார்கள்.

"பொட்டு வைடி," என்றாள் மாலதி.

குணசுந்தரி சந்தனத்தைத் தொட்டு எடுத்தாள். படத்துக்கு முன்னால் விரல் அப்படியே நின்றது. வைக்க நெற்றி இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"யோவ், கேமராக்காரங்கல்லாம் பூட்டாங்கய்யா," என்றாள். "இப்பனாச்சும் திரும்பேன்."