என்டர் தட்டாத வரி

நான் மூன்றாம் எண் போலி முனையத்தில் குடியிருக்கிறேன். முனையம் என்றால் ஓர் அறை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு துவாரம். துவாரத்துக்கு அந்தப் பக்கம் என் மனைவி செல்வக்கனி உட்கார்ந்து எழுத்துகளைத் தட்டுகிறாள். அவள் தட்டியது இந்தப் பக்கம் வந்தால் நான் படிப்பேன். நான் சொல்வது அவளுடைய திரையில் தெரியும்.

போலி என்கிறார்களே, அது என்ன என்று முதல் நாளே விசாரித்தேன். முன்பு அந்தப் பக்கம் இரும்பில் விசைப்பலகையும் தடித்த கண்ணாடியில் திரையும் இருந்தனவாம். பாரம் தாங்காமல் கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததால் அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது அவை இருப்பதாக வைத்துக்கொண்டு தட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்கள்.

வாசலில் சாவி கொடுக்கிறவர் சாவிகளை ஜோடியாகத்தான் கொடுப்பார். ஒன்று அந்தப் பக்கத்துக்கு, ஒன்று இந்தப் பக்கத்துக்கு. அந்தப் பக்கத்துச் சாவியைச் செல்வக்கனியின் அம்மா வீட்டில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். செல்வக்கனி அங்கேதான் இருந்தாள். பாதிச் சோற்றில் எழுந்து தட்டிலேயே கையைக் கழுவிவிட்டுப் போனவள். மீன்குழம்பில் புளி கம்மி என்று நான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுக்கும் எனக்கும் நடுவே, சுவரின் கனத்துக்குள், சுடலையாண்டி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் எழுத்துகளை அவர்தான் மடியில் வாங்குவார். வாங்கியதும் அதே எழுத்தை அந்தப் பக்கத்துக்கே திருப்பிக் காட்டுவார். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தட்டுகிறவருக்கு ஒரு நிம்மதி. நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் காட்டுவார். நான் செத்துக் கிடந்தாலும் காட்டுவாராம். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை.

அவள் அழித்தால் மடியிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து ஊதிவிடுவார். அவள் என்டர் தட்டினால்தான் வரியை என்னிடம் நீட்டுவார். அதற்கு முன்னால் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. ஒரே ஒரு சமாச்சாரம் மட்டும் வரியாக வராது. அவள் ‘நிறுத்து’ என்ற விசையைத் தட்டினால் சுடலையாண்டி கையை நீட்டி என் தலையில் ஒரு குட்டு வைப்பார். ஒருநாள் பாடிக்கொண்டிருந்தேன். பாதியில் குட்டு விழுந்தது. அதற்குப் பிறகு நான் பாடுவதில்லை.

அவள் தன் திரையைச் சுருக்கினால் என் அறையும் சுருங்கும். அந்த நாட்களில் முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குவேன். கோபமாக இருக்கிறாள் என்று புரிந்துகொள்வேன்.

இங்கே எல்லோரும் பயப்படுவது ஒன்றுக்குத்தான். அந்தப் பக்கத்து ஆள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டால் இணைப்பு அறுந்தது. இந்தப் பக்கத்து ஆள் எங்கே இருந்தாலும் முடிந்தார். இந்தப் பக்கத்து ஆள் எழுந்தால் ஒன்றும் ஆகாது. அவரை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

நான்காம் எண்ணில் தங்கப்பழம் என்று ஒருவர் இருந்தார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய அந்தப் பக்கம் எழுந்துவிட்டது. சோப்பு நுரை மட்டும் முகத்தின் வடிவத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விழுந்தது. நான் குழாயை மூடிவிட்டு வந்தேன்.

செல்வக்கனியின் வரிகள் சின்னவை. ‘சாப்பிட்டியா?’ ‘நேத்து ஏன் பேசல?’ ‘இன்னும் கோவம் தீரலையா?’ முன்பெல்லாம் என்னை நீங்க என்றுதான் சொல்வாள். இப்போது நீ என்கிறாள். மனம் வெறுத்த பெண் மரியாதையை விட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். இறங்கிப் போவோம் என்று நான் அவளை நீங்க என்று கூப்பிட ஆரம்பித்தேன். ‘சாப்டீங்களா?’ என்று கேட்பேன். அப்படிக் கேட்ட நாளில் அறை கொஞ்சம் பெரிதாகும்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். ‘நான் வரட்டுமா?’

பதில் வரவில்லை. சுடலையாண்டியின் மடி மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

“அண்ணாச்சி, என்னமும் வந்துச்சா?”

“வந்துகிட்டே இருக்கு.”

“குடுங்க.”

“என்டர் விழல.”

“என்ன எழுதியிருக்கா?”

“சொல்லப்பிடாது.”

“பெரிசா, சின்னதா?”

“காலைல மடி நெறஞ்சு கெடந்துச்சு. இப்ப எல்லாத்தையும் அழிச்சாச்சு.”

நாள்கள் போயின. மடி நிறையும், காலியாகும். அவர் ஊதிவிடும் எழுத்துகளை எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். கையில் ஈரம்தான் ஒட்டியது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நான் வாழ்வதா வேண்டாமா என்பது அந்த மனிதரின் மடியில் கிடக்கிறது. அவர் அதன் மேல் முழங்கையை ஊன்றிக் கொட்டாவி விடுகிறார்.

“அண்ணாச்சி, அப்படியே பச்சையாக் குடுத்திருங்க. அழிச்சது, திருத்துனது எல்லாம் சேத்துக் குடுங்க.”

“பச்சையாக் கேட்டா இனிமே நான் கெடையாது. அவுக நிறுத்துன்னு சொன்னாலும் அதுவும் ஒரு எழுத்தாத்தான் வரும். குட்டு விழாது. தாங்குவீயளா?”

அவளுடைய குட்டு ஒன்றுதான் அவள் என்னைத் தொடுவது. வேண்டாம் என்றேன்.

“இது முனையம்தானே அண்ணாச்சி?”

“ஆமா.”

போலி என்று தெரிந்திருந்தும், யார் எப்போது கேட்டாலும் அவர் அதற்கு ஆமா என்றுதான் சொல்வார்.

பிறகு ஒருநாள் என்டர் விழுந்தது. சுடலையாண்டி வரியை நீட்டினார்.

‘வா. சோறு ஆக்கி வச்சிருக்கேன்.’

படித்தேன். மறுபடி படித்தேன். சட்டையை மாற்றிக்கொண்டேன்.

“எங்க கெளம்பிட்டீய?”

“கூப்பிட்டிருக்கால்லா.”

“அந்தப் பக்கமா? யாரும் போனதில்லையே.”

“போகப்பிடாதுன்னு சட்டமா?”

“சட்டம் இல்ல. யாரும் போனதில்ல.”

நடைவழியில் இறங்கினேன். சுவரின் கனம் ஒரு முழம்தான். சுற்றிப் போகிற நடைவழி நான் நடக்க நடக்க நீண்டது. வழியில் தங்கப்பழத்தின் குழாய் மூன்று முறை வந்தது. என் சட்டை வியர்வையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. எனக்கு அது எதுவும் பெரிதாகப் படவில்லை. அவளிடம் முதலில் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். குழம்பைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சவரம் செய்து, கழுத்தில் பவுடர் பூசியிருந்தார். எழாமலே சமைக்க வசதியாக அடுப்பு அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதிரே பலகையில் இரண்டு தட்டுகள். அவருக்கு முன்னால் என் துவாரத்தின் மறுபக்கம்.

“செல்வக்கனி இல்லையா?” என்று கேட்டேன்.

“அப்பிடி யாரும் இங்க இல்லையே. நீங்க யாரு?”

“மூணாம் நம்பர்லருந்து வாறேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “மூணாம் நம்பரா? அங்கதான எங்க வீட்டுக்காரி இருக்கா. ரெஞ்சிதம்.”

நான் பலகையில் இருந்த இரண்டாவது தட்டைப் பார்த்தேன்.

“இங்க ஒரு சாவி, அவ அம்மா வீட்டுக்கு ஒரு சாவின்னு வாசல்ல சொன்னாவ. அன்னைலேருந்து அவகூடத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். சண்டை போட்டுப் போனவ. ஆனா ஒருநாளும் மரியாத கொறைக்கல. சாப்டீங்களான்னுதான் கேப்பா.”

“அவுக ஏன் போனாவ?”

“பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டா. கொழம்புல உப்பு கம்மின்னேன்.”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். “போன வாரம் வரட்டுமான்னு கேட்டா. எனக்குக் கையே ஓடல. ஏன் போனேன்னு எழுதுனேன், அழிச்சேன். வராட்டி போன்னு எழுதுனேன், அழிச்சேன். நீ இல்லாம முடியலைன்னு எழுதுனேன். அதையும் அழிச்சிட்டேன். கடைசில சோறுதான் மிஞ்சிச்சு.”

அப்படியென்றால் செல்வக்கனி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டது இவர். குட்டு வைக்கச் சொன்னது இவர். நான் நீங்க என்று இறங்கிப் போனதும் வரட்டுமா என்று கேட்டதும் அவளுக்குத் தெரியவே தெரியாது. எங்கோ ஒரு வீட்டில் அவள் புளி கரைத்துக்கொண்டிருப்பாள்.

“இருங்க, ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வாறேன்” என்று அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்து அழுத்தினார். உடம்பு லேசாக மேலே வந்தது.

என் விரல் நகங்கள் மறைந்தன. பிறகு விரல்கள் மறையத் தொடங்கின.

“அவ பின்னால வாறாளா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன். “வந்துகிட்டே இருக்காவ. நீங்க எந்திரிக்காதீய.”

அவர் உட்கார்ந்தார். என் விரல்கள் திரும்பி வந்தன.

“அப்ப அது வரைக்கும் நீங்க சாப்பிடுங்க. அது அவ தட்டு. வந்ததும் குடுத்திருங்க.”

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சோறு வைத்தார். மீன்குழம்பு ஊற்றினார். அவரும் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு பேரும் நடைவழியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

“கொழம்பு எப்படி?” என்றார்.

புளி கம்மியாக இருந்தது.

“நல்லாருக்கு” என்றேன்.

சாப்பிட்டு முடித்தால் அவர் கையைக் கழுவிவிட்டு அவளைத் தேட எழுந்துகொள்வார். அதனால் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிடுகிறேன். விருந்தாளி சாப்பிடும்போது எழக் கூடாது என்று அவரும் மெதுவாகச் சாப்பிடுகிறார். என் தட்டில் சோறு குறையும்போதெல்லாம் கரண்டியை எடுக்கிறார்.

“இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?”

“வைங்க” என்கிறேன்.