முன்சக்கரத்துக்குப் பட்டன் டயர்

மூஸா பாய்க்கு அரசப்பன் தரவேண்டிய பாக்கி நூற்று அறுபத்திரண்டு ரூபாய். முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் டயர் விற்கிற பாயிடம் ஐப்பசிக் கடைசியில் வைத்த கடன். தை அறுப்பு முடிந்ததும் ஒரே மூச்சில் கொடுத்துவிடலாம் என்று அன்றைக்கு அதை லேசாக நினைத்துவிட்டான்.

அரசப்பன் டிராக்டர் ஓட்டுகிறவன். மிராசுதார் ரெங்கசாமியின் பண்ணையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று அவர் நிறுத்திவிட, வாடகை டிராக்டருக்குப் போனான். வேலைக்கு ஊர் ஊராக அலையவேண்டியிருந்ததால் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிப்போட்டான். அவர்கள் தெருவுக்குள் வந்த முதல் வண்டி அது. அதைத் துடைக்கிற சாக்கில் தினமும் கொஞ்சநேரம் வாசலில் நிற்பான்.

வண்டியின் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டிருந்தன. கோடையென்றால் ஓட்டிவிடலாம். அடைமழையில் ஆகாது. கார்த்திகையில் காத்தாயிக்குத் தாலுகா கச்சேரியில் வாய்தா வேறு இருந்தது.

காத்தாயி அவனுடைய அண்ணன் சம்சாரம். அண்ணன் செத்தபிறகும் அவள் மூன்று மா நிலத்தை விடாமல் குத்தகைக்குப் பயிர்வைத்து வந்தாள். கழக ஆட்சி போட்ட சட்டப்படி, உழுகிறவருக்கான உழவடை உரிமை அவள் பெயரில் பதிவாக வேண்டும். மிராசுதாரோ, நிலம் என் சொந்தச் சாகுபடி, அவள் கூலிக்கு நட்டவள் என்று ஆட்சேபணை எழுதிக்கொடுத்துவிட்டார். அதிகாரி வாய்தாவை இரண்டு தடவை தள்ளிவைத்தார். இனித் தள்ளமுடியாது, அவளே நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பாய் கடையில் இரண்டு விதமாக டயர் எடுத்துப்போட்டார். ஒன்று சுற்றிலும் கோடு கோடாக ஓடுவது. மற்றது கட்டை கட்டையாகப் பூ வைத்த பட்டன் டயர். அரசப்பன் முன்னுக்கும் பின்னுக்கும் பட்டனையே காட்டினான்.

பாய் வண்டியின் முன்சக்கரத்துக்கும் மேலே இருந்த மட்காட்டுக்கும் இடையே விரலை விட்டுப் பார்த்தார். "உங்க ஊரு களிமண்ணு பட்டன்ல அப்புனா விடாதுப்பா. மட்காடு டயரோட ஒட்டிக்கிட்டு நிக்கிது. முன்னாடி கோடு போட்டதப் போடு. இல்ல, பட்டன்தான் வேணும்னா வண்டிய விட்டுட்டுப் போ. நாளைக்கி மட்காட்டத் தூக்கிக் கட்டித் தரேன்."

"நான் சேத்துலயே வண்டி ஓட்டுறவன் பாய். டிராக்டரு சக்கரமும் கட்டை கட்டையாத்தான் இருக்கு. அது என்ன சேத்துல நின்னாபோவுது?"

"டிராக்டருக்கு மட்காடு எங்க இருக்கு, இதுக்கு எங்க இருக்கு? நீ என்னப்பா, யானைக்கு அளவெடுத்து ஆட்டுக்குச் செருப்பு கேக்குற."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அரசப்பனுக்குச் சுருக்கென்றது. கோடு போட்டது விலை குறைவு. கூலிக்காரனுக்கு இது போதும் என்றுதான் பாய் நினைக்கிறார், அல்லது மட்காட்டு வேலையில் காசு பார்க்கிறார் என்று பட்டது. கையில் இருந்ததைக் கொடுத்து, மீதியைக் கடன் சொல்லி, இரண்டும் பட்டனாகவே மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வாய்தாவுக்கு முந்தின நாள் மத்தியானம் காத்தாயி மாற்றுச்சேலையை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடலாம், ராத்திரி சங்க ஆபீஸில் படுத்துக்கொண்டால் காலையில் கச்சேரி பக்கம்தான் என்றாள்.

"வாசல்ல வண்டி நிக்கிறப்ப கொசுக்கடியில போயி எதுக்கு அண்ணி படுக்கணும்? காலையில ஏறி உக்காந்தீங்கன்னா கச்சேரி தொறக்குறதுக்கு முன்னாடி நாம நிப்போம்."

"மழையப் பாத்தியா தம்பி?"

"அதுக்குத்தானே புது டயரு போட்டிருக்கு."

அவள் வானத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். கொழுந்தனார் சவாரிக்கு அழைக்கும்போது மாட்டேன் என்றால் சாமி குத்தமாகிவிடுமே என்று சிரித்துவிட்டு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

காலையில் தெருவே பார்க்க அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஊர் எல்லைவரை டயர் மண்ணைக் கவ்விப்பிடித்து ஓடியது. பாய் சொன்னதெல்லாம் பொய் என்று அவனுக்கு ஒரே குஷி. அதற்கப்புறம் வாய்க்காலில் தூர்வாரிய களியைப் பாதையில் கொட்டியிருந்த இடம் வந்தது. மழையில் ஊறிய களி புல்லோடு சேர்ந்து பட்டன் இடுக்கெல்லாம் ஏறி, மட்காட்டுக்குள் போய் அடைத்தது. முன்சக்கரம் சுற்றாமல் நின்று, அப்படியே வழுக்கியது. இரண்டு பேரும் சரிந்து விழுந்தார்கள்.

அடி ஒன்றும் இல்லை. அரசப்பன் குச்சியால் குத்தி எடுத்தான். காத்தாயி விரலை விட்டு நோண்டினாள். கொஞ்சதூரம் போனதும் மறுபடி அடைத்தது. மட்காட்டையே கழற்றி எறியலாம் என்றால் போல்ட் துருவேறி அசையவில்லை.

"போட்டுட்டு நடப்போம் தம்பி."

"இருங்க அண்ணி, இந்தக் களி தாண்டிட்டா தரை கெட்டி."

களி தாண்டவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். அவன் திரும்பவும் குச்சியை எடுத்தான். முதல் தடவை சொன்னபோதே நடந்திருந்தால் காலை பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். வண்டியைக் கரையில் சாய்த்துவிட்டு அவர்கள் தார்ரோட்டுக்கு ஓடிவந்தபோது பஸ் போய்விட்டது. அடுத்தது வர வெகுநேரமாயிற்று.

முழங்கால்வரை சேற்றோடு கச்சேரிப் படியேறியபோது, டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தான்; அதிகாரி வெள்ளம் பார்க்கக் கிளம்பிப்போயிருந்தார். மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி என்றார் குமாஸ்தா. காத்தாயி தன் பெயரை அவரிடம் மெதுவாகச் சொன்னாள், இப்போது சொன்னாலும் எழுதிக்கொள்வார் என்பதுபோல. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த காகிதக் கட்டைப் பிரித்தார். அரசப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சங்கத்தில் அப்பீல் போட்டார்கள். அது நடக்கிறபடி நடக்கட்டும் என்று மிராசுதார் தை பிறந்ததும் போலீஸ் காவலோடு அந்த மூன்று மா வயலில் அறுக்க ஆளை இறக்கினார். காத்தாயி நட்ட சம்பா. கூலிக்கு அறுக்கிற வரிசையில் அவளும் குனிந்து நின்றாள். அந்தப் பக்கம் டிராக்டரோடு போன அரசப்பன் பார்த்துவிட்டு, தெரியாதவன்போல வேகத்தைக் கூட்டினான். டயரைப் பற்றி அவள் ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

பாய் கடைப் பக்கம் போகாமல் மீன்கடைச் சந்துவழியாகவே சுற்றிப்போய்க்கொண்டிருந்தவன், மாசியில்தான் பணத்தைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான்.

"எந்தப் பாக்கி? உங்க அண்ணி அறுப்பு முடிஞ்சதுமே வந்து குடுத்துட்டாங்களே, உனக்குத் தெரியாதா?" என்றார் பாய்.

அரசப்பன் நீட்டிய பணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"என் வாய்தாவுக்கு வாங்குன டயரு, இது என் கடன்தான்னாங்க. வேணாம்மா, அவனே தரட்டும்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"அவங்களுக்கு ஏது பாய் காசு?"

"இந்த வருசத்து அறுப்புக்கூலி நெல்லு மொத்தத்தையும் வித்துட்டு வந்தாங்களாம்."

எந்த வயலில் அறுத்த நெல் என்று பாய்க்குத் தெரியாது. அவர் கணக்கைப் பிரித்து, அவன் பெயருக்கு நேரே அடித்திருந்த கோட்டைக் காட்டினார். அரசப்பன் எண்ணி எடுத்துவந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.