மூன்றாவது வேண்டாம்

காலை ஏழு மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். வெர்னாவுக்கு ஒரு சிறுநீரகம் கிடைத்திருக்கிறது. பதினொரு மணிக்குள் தெற்கே மினியாபொலிஸ் நகரத்துக்கு வந்து சேர வேண்டும், தவறினால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். நான்கு வருடம் காத்திருந்த அழைப்பு. பெட்டியைக் காரில் வைத்த பிறகுதான், வீட்டுச் செருப்போடு பனியில் நிற்பது ஆர்விட் டோலெஃப்சனுக்கு உறைத்தது.

"நீ ஓட்டுவியா, இல்ல நானே ஓட்டவா?" என்றாள் அவர் மனைவி வெர்னா.

"முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியிருக்கேன். ஒரு தடவை பள்ளத்துல எறக்கியிருக்கேனா?"

"பிள்ளைங்க போட்ட கூச்சல்ல பஸ்ஸே பயந்து நேராப் போயிருக்கும்."

விடியற்காலையில் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. சாலை ஈரமாக, கறுப்பாக மினுங்கியது. வெள்ளைப் பனி என்றால் பயமில்லை, கண்ணுக்குத் தெரிகிற எதிரி. இதுவோ தாருக்கு மேல் தாரின் நிறத்திலேயே படுத்திருக்கும் பனிக்கட்டி. சக்கரம் வழுக்கும்போதுதான் அது ஈரமில்லை என்று தெரியும். ஆர்விட் நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. அப்படிப் போனாலும் பத்தரைக்குச் சேர்ந்துவிடலாம்.

முப்பதாவது மைலில் ஒரு சிவப்புப் பிக்கப் வண்டி பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. தேவாலயத்தில் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்காரும் டுவேன் ஹாக்லண்டின் வண்டி.

பள்ளத்தில் கிடப்பவரைக் குளிர்காலத்தில் தாண்டிப் போவது அந்தப் பக்கத்தில் கொலைக்கு அடுத்த பாவம்.

"நிறுத்து," என்றாள் வெர்னா. "ஒரு நிமிஷந்தானே."

ஓரமாக நிறுத்தி, விளக்கை மினுங்கவிட்டு, ஆர்விட் வாத்து நடை நடந்து போனார். டுவேன் கண்ணாடியை இறக்கினார். கையில் காபி.

"என்ன டுவேன், மீன் பிடிக்க எடம் பாத்தாச்சா?"

"ஒரு மீனும் கடிக்கலப்பா. இழுவை வண்டிக்குச் சொல்லிட்டேன். நீ கெளம்பு."

"அடுத்த ஊர்ல விட்டுடறேன், ஏறு."

"வேண்டாம்."

அங்கே முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. இரண்டாவது கூச்சம். மூன்றாவதுதான் பதில். கடைசித் துண்டு கேக்கைக்கூட மூன்று தடவை கேட்ட பிறகே தட்டில் வாங்குவார்கள். டுவேன் அன்று முதல் தடவையே மனதாரத்தான் வேண்டாம் என்றார். ஆனால் அதை ஆர்விட் எப்படிக் கண்டுபிடிப்பது? சிறுநீரகத்தைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. பள்ளத்தில் கிடப்பவனிடம் போய்த் தன் அதிர்ஷ்டத்தைச் சொல்வது பீற்றல் இல்லையா?

"கொஞ்சம் காபியாவது ஊத்தட்டுமா? வெர்னா கொண்டாந்திருக்கா."

"வேண்டாம்யா, இருக்கு."

"நெசமாவா டுவே—"

வளைவில் ஒரு ரொட்டி வேன் வந்தது. மினுங்கும் விளக்கைப் பார்த்ததும் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மிதித்திருக்கக் கூடாது. வேன் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி, அவசரமே இல்லாத மாதிரி வழுக்கி வந்து, வெர்னா உட்கார்ந்திருந்த காரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு நின்றது.

ஆர்விட் ஓடினார். இரண்டு தடவை விழுந்து, கடைசியில் நாலு காலில் தவழ்ந்து போய்ச் சேர்ந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் வெர்னா. "மணி என்ன?"

எட்டேகால். வேன்காரர் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்ல," என்றார் ஆர்விட். எதற்கும் அப்படிச் சொல்லியே பழகிய வாய்.

ஆர்விட், வெர்னா, வேன்காரர் மூவரும் டுவேனின் வண்டியில் ஒதுங்கினார்கள். ஆர்விட் காவல்துறைக்குத் தொலைபேசினார். இந்த மாவட்டத்தில் மட்டும் நாற்பது வண்டிகள் பள்ளத்தில்; அனுப்பிய ஆம்புலன்ஸும் அதில் ஒன்று; உப்புத் தூவும் வரை சாலை மூடல். பதினொரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து மறுபடி அழைப்பு.

"ஆமா... புரியுது... அவங்களுக்காவது நல்லபடியா நடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வெர்னா போனை மடியில் வைத்தாள்.

அப்போதுதான் டுவேனுக்கு விஷயம் தெரிந்தது.

"யோவ், கிட்னியா? ஏன்யா சொல்லல? சொல்லியிருந்தா கல்லால அடிச்சு வெரட்டியிருப்பேனே!"

"நீ பள்ளத்துல கெடந்த. அப்ப எப்படிச் சொல்றது?"

டுவேன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை ஆர்விட் பார்க்காத மாதிரி இருந்தார்.

சாலையில் உப்பு தூவி, இழுவை வண்டி வர ஒன்றரை ஆயிற்று. பின்பக்கம் நசுங்கியிருந்தாலும் கார் ஓடியது. இழுவைக்காரர் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"எந்தப் பக்கம் போறீங்க? தெக்கேயா?"

ஆர்விட் தெற்கே பார்த்தார்.

"வடக்கே, வீட்டுக்கு," என்றாள் வெர்னா. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு எனக்கு டயாலிசிஸ் இருக்கு."

அடுத்த அழைப்புக்கு எத்தனை வருடம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அத்தனை வருடம் அவளால் தாங்க முடியுமா என்றும் பேசவில்லை. ஆர்விட் இருபது மைல் வேகத்தில் ஓட்டினார். இனி எந்த அவசரமும் இல்லை.