பேர் கெட்ட மைக்

அக்காவின் குரலில் பிசிறு விழுந்தது. பழி மைக்கின் மேல் விழுந்தது. சீனாவில் செய்த மைக் என்பதால் யாரும் விசாரணைகூட வைக்கவில்லை.

எங்கள் பிழைப்பே அந்தக் குரல்தான். அக்கா புத்தகங்களை வாசிப்பாள், நான் பதிவு செய்வேன். வீட்டின் உள்ளறையை இரண்டாகத் தடுத்து, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, நடுவில் கண்ணாடி வைத்திருக்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கண் தெரியாதவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், தூக்கம் வராதவர்கள் என்று முகம் தெரியாத எத்தனையோ பேர் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன். ஆக, எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அவள் தொண்டையில்தான்.

எங்களிடம் பழைய ஜெர்மன் மைக் ஒன்று இருந்தது. மழைக்காலத்து ஈரம் உள்ளே இறங்கி அது செத்துப்போனது. அதன் இடத்தில் நான் ஒரு சீன மைக்கை வாங்கி மாட்டினேன். பெட்டியைப் பிரித்தபோதே அக்கா மூக்கைச் சுளித்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பா ரேடியோ கடை வைத்திருந்தபோது ஒரு வருஷம் பெட்டி பெட்டியாகச் சீன டேப்ரெக்கார்டர்கள் வந்து இறங்கின. வாங்கிப் போனவர்கள் வாரம் திரும்புவதற்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்று நாடாவை மென்று தின்றது, ஒன்று புகைந்தது, ஒன்று பாட்டை அழுகையாக மாற்றியது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அக்காதான் ஊர் வசவையெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். சூடு கண்ட பூனை.

என் கட்சி வேறு. அந்தக் காலத்து வியாபாரிகள் எவ்வளவு மட்டமானாலும் சரி, விலை குறைந்தால் போதும் என்று கேட்டார்கள். சீனாக்காரர்களும் கேட்டபடியே செய்து கொடுத்தார்கள். இப்போது பெரிய பெரிய பெயர் ஒட்டிய சாமான்களில் பாதி அங்கேதான் தயாராகிறது. செய்து செய்து கை தேறிவிட்டது. புது மைக்கை நான் கழற்றியே பார்த்தேன். உள்ளே பற்றவைப்பு ஒவ்வொன்றும் மணி மணியாக இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த சீன மைக்குகள் ‘ச’வும் ‘ஸ’வும் வந்தாலே காதில் ஊசி ஏற்றும். இதில் அந்தப் பேச்சே இல்லை. நான்தான் வாங்கினேன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டாடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் புகார் பதிப்பகத்திலிருந்து வந்தது. எங்களுக்கு வேலை கொடுக்கும் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் காதுக்காரர். தன் காதுக்குத் தப்பி ஒரு கொசுகூடப் பறக்க முடியாது என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். வாக்கியம் முடியும் இடத்தில் கரகரவென்று ஏதோ வருகிறது, என்ன மைக் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், வேறெதையும் கேட்கவில்லை. அடுத்து வரப்போகும் பெரிய நாவலை இந்தச் சாமானில் பதிவு செய்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கம்பியை மாற்றினேன். மின்சாரத்தை வேறு வழியில் எடுத்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் வேர்த்து வழிந்தோம். பிசிறு போகவில்லை. “பாழாப்போன சீன மைக்கு” என்று அக்கா தினமும் முனகினாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குள் இதைவிடப் பெரிய கிண்டலெல்லாம் உண்டு. இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறவள், அன்றைக்கு வெந்நீர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சாயங்காலம்வரை பேசவில்லை. ரோஷம் என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. பெரிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து எங்களுடையதைப் போன்ற ஜெர்மன் மைக்கை ஒரு பகலுக்கு வாடகைக்கு எடுத்தேன். காதுக்காரரை வீட்டுக்கே வரச் சொன்னேன். இரண்டு மைக்கையும் அக்காவின் வாய்க்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் ஒரு தடவைதான் வாசிப்பாள், அந்த ஒரே மூச்சு இரண்டிலும் ஏறும். யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

அக்கா அன்று காலையிலிருந்தே சரியில்லை. நெஞ்செரிச்சல், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். மைக் சாயங்காலத்துக்குள் திரும்பிப் போயாக வேண்டும், விளையாடாதே என்று அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

காதுக்காரர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஜெர்மன் மைக்கைக் கண்டதுமே அவர் முகம் கனிந்துவிட்டது. ஸ்பீக்கரில் முதலில் அதை மட்டும் அவருக்கு விட்டேன். அக்கா வாசித்தாள். இரண்டு பக்கம் முடிவதற்குள் அவர் தொடையில் தட்டினார்.

“இப்பதாம்மா குரல் குரலா இருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

நாளைக்கே நாவலைத் தொடங்கிவிடலாம், தினமும் காலையிலிருந்து மாலைவரை வாசித்தால் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓட்டினேன். முதலில் சீன மைக். வாக்கியம் முடிகிற இடத்தில் அதே பிசிறு. பிறகு ஜெர்மன் மைக், அதே வாக்கியம், அதே இடம். பிசிறு அங்கேயும் அப்படியே இருந்தது. கொஞ்சம் மழுப்பிக் காட்டியது, அவ்வளவுதான். இன்னொரு வாக்கியத்தை ஓட்டினேன். மாற்றமில்லை.

ஜெயித்துவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று இத்தனை நாள் நான் கத்தியது சரியாகப் போய்விட்டது. வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை தொண்டையில் இருந்தது. மாட்டிக்கொண்டவள் பார்க்கிற பார்வை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக்கில் குற்றமில்லை என்றால் குற்றம் எங்கே இருக்கிறது என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா? மைக்கின் மானத்தைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்திருக்கிறேன். அறைக்குள் பேசுகிற பொத்தானை அழுத்தினேன்.

“எப்பலேர்ந்துக்கா?”

“மழைக்கு முன்னாடியே.” அவள் குரல் ஹெட்போனில் காதுக்குள்ளேயே பேசியது. “பழைய மைக்கு இருந்தப்பவே எனக்குத் தெரியும். முழுங்கினா ஒரு பக்கம் வலிக்குது.”

“ஏன் சொல்லல?”

“என்னத்த சொல்ல? குரல் போச்சுன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே ஊரு பூரா தெரியும். அப்புறம் எவன் கூப்பிடுவான்?” வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மைக்குன்னே இருக்கட்டும்டி. அதுக்கு என்ன, ஏற்கனவே பேரு கெட்டதுதானே.”

எனக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. வலியை விழுங்கிக்கொண்டு இவள் மூன்று மாதம் வாசிக்கப் போகிறாள். இருக்கிற குரலையும் அந்த நாவல் குடித்துவிடும். நிறுத்தச் சொன்னால் காதுக்காரர் காரணம் கேட்பார். அவர் பார்வையில் ஜெர்மன் மைக் தப்பே செய்யாது. அப்படியானால் தொண்டை என்று தானாகவே வெளியே வந்துவிடும். வாசலில் அவர் “சரி, வெச்சிடறேன்” என்று சொல்வது கேட்டது.

“இன்னைக்கே டாக்டர்கிட்ட வரணும்,” என்றேன். “வரேன்னு சொல்லு. மைக்குன்னு சொல்றேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் அவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா அசையாமல் இருந்தாள். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டார். நான் ஒரு கம்பியைச் சுருட்டினேன். பிரித்து மறுபடியும் சுருட்டினேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். வருகிறேன் என்பதுபோல் அக்கா மெல்லத் தலையை ஆட்டினாள்.

“நாளைக்கு முடியாது சார்,” என்றேன். இந்த ஜெர்மன் மைக் இன்றைக்கு ஒரு நாள் வாடகை, நாளையிலிருந்து வேறு இடத்துக்குப் போகிறது என்றேன். அது பொய்யில்லை. அதற்கு மேல் சொன்னதுதான் பொய்.

“நீங்க சொன்னது சரிதான் சார். கரகரப்பு எல்லாம் அந்தச் சீன மைக்குலதான். அதுல உங்க நாவலப் பண்ண மாட்டேன். நல்லதா ஒண்ணு வர ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

வேறு யாரிடமாவது போய்விடுவாரோ என்று பயந்தேன். ஆனால் அவருக்கோ பரம திருப்தி. இந்தக் குரலுக்காகக் காத்திருக்கலாம், அந்தக் குப்பையில் போட்டுக் கெடுக்க மாட்டேன் என்றார். மலிவுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான் என்று எனக்கு அறிவுரையும் சொன்னார். அங்கே செய்கிற எதுவும் உருப்படாது என்றார். ஆமாம் சார் என்றேன். தூக்கிப் போட்டுவிடு என்றார். சரி சார் என்றேன். படியிறங்கும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டு போனார்.

கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன். அக்கா உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கேலி செய்வாள், சீன மைக் வக்கீல் கட்சி மாறிவிட்டாளே என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மாட்டாளா என்று ஏங்கினேன் என்றே சொல்லலாம்.

“கேன்சரா இருக்குமாடி?” என்றாள்.

“தெரியலக்கா,” என்றேன். “செருப்பப் போடு.”