ஒரு கூப்பன், ஒரு பெயர்

கண்டியில் ஒரு கந்தோரில் கோப்பெழுதும் இலிகிதராக இருந்த கிளறன்ஸுக்கு ஞாயிறென்றால் மாதா கோயிலில் பூசை, அது முடிந்ததும் வாரப் பத்திரிகையின் இலக்கியக் குறுக்கெழுத்து. பதினொரு வருடமாக அதில் அவரை மிஞ்ச வீட்டில் ஆளில்லை. வீட்டில் இருந்த இன்னொரு ஆள் மனைவி டொரதி மட்டும்தான்.

அந்த டொரதி போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது அந்தக் கட்டங்களைச் சும்மா எட்டிப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது.

“பிரிந்து போகும் காதலன் கடக்கும் நிலத்தைப் பூனை குடித்துவிட்டது. இரண்டு எழுத்து,” என்று வாசித்துவிட்டுக் கிளறன்ஸ் அகராதியைத் தேடினார்.

“பாலைங்க! பாலைத்தானே பூனை குடிக்கும்?” மீன் கழுவிக்கொண்டே சொல்லிச் சிரித்தாள் டொரதி. அவரும் சிரித்தார். ஆனால் வயிறு எரிந்தது. கட்டிய மனைவி மேல் இப்படியொரு பொறாமையா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆண்டு நிறைவுப் போட்டி வந்தது. ஒரு பத்திரிகைக்கு ஒரு கூப்பன், ஒரு கூப்பனுக்கு ஒரு பெயர். எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பெயர் அச்சில் வரும். முப்பதில் இருபத்திரண்டை டொரதியே கண்டுபிடித்துப் பென்சிலால் எழுதினாள். மையால் எழுதித் தபாலில் போடுவது வழக்கம்போல் அவர் வேலை.

“இந்த வாட்டி எம் பேரப் போடுங்க,” என்றாள்.

“அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு.”

தபாற்கந்தோரில் நின்று ‘கிளறன்ஸ்’ என்று எழுதினார். கைப்பழக்கம் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுத்தப் பொய். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அரை நிமிடம் யோசித்தது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரத்தில் பெயர் வந்தது. கோயில் வாசலில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். வீட்டில் டொரதி பத்திரிகையை விரித்து, “பாத்தீங்களா, உங்க பேரு வந்திருக்கு,” என்றாள். குரலில் கோபமே இல்லை. சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று அவர் ஏங்கினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் கடைக்குப் போய்த் தனக்கென்று இன்னொரு பிரதி வாங்கி வந்தாள். பின்வாசல் படியில் பென்சிலோடு உட்கார்ந்தாள். கிளறன்ஸ் முன்னறைக் கதிரையில் சாய்ந்தபடி மூன்றாவது குறிப்பிலேயே திணறிக்கொண்டிருந்தார்.

திடீரென்று பின்னால் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். விடையைச் சொல்வாள் என்று காத்திருந்தார். பென்சில் ஓடும் சத்தம்தான் வந்தது. எழுந்து போய்க் கதவருகில் நின்றார்.

“என்ன டொரதி, எதுக்குச் சிரிக்கிற?”

“உங்ககிட்டயும் அதே பத்திரிகதானே இருக்கு,” என்றாள் அவள், தலை நிமிராமல்.