உள்ளங்கால்

"ஷூவைப் போட்டுக்கிட்டு யாராச்சும் கடல்ல இறங்குவாங்களா, மிஸ் வெல்டா? மீனெல்லாம் சிரிக்கப்போவுது."

"சிரிக்கட்டும். நீ மொதல்ல தொப்பையை உள்ள இழு சீபர்ட். அதைப் பார்த்துத்தான் அதுங்க ஓடுது."

பாதாம் மரத்தில் துண்டை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். விடிந்தும் விடியாமலும் பிரிட்ஜ்டவுன் கடலில் குளிக்க வருகிற கூட்டம் அது. எல்லோருக்கும் எழுபது தாண்டியிருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற வெல்டா கிட்டன்ஸை யாரும் தலைவியாகத் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனாலும் அவர் குரல் கொடுக்காமல் யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை.

நடுவில் ஒரு மாதம் அவர் வரவில்லை. காரணம் சீபர்ட்டுக்குத் தெரியும். சர்க்கரை வெல்டாவின் கால் நரம்புகளைத் தின்றுகொண்டிருந்தது. இரவில் போர்வை பட்டாலே பாதம் தணலாய் எரியும். அதே பாதத்தில் ஆணி குத்தினால் தெரியாது. கடலில் பாறையடியில் முள்ளுருண்டையாய்க் கிடந்த கறுப்புக் கடல்முள்ளெலியை மிதித்துவிட்டு, உடைந்த முள்ளோடு சந்தைக்கும் சர்ச்சுக்கும் நடந்திருக்கிறார். படுக்கை விரிப்பில் சீழைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

இப்போது புண் ஆறிவிட்டது. ரப்பர் ஷூவோடு இறங்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

"ராத்திரி தூங்கினீங்களா?" சீபர்ட் தோளைக் கொடுத்தபடி கேட்டார்.

"எரிச்சல் எங்க தூங்க விட்டுச்சு? அதுவும் எங்கூட முழிச்சே கிடந்துச்சு. சரி வா, ரெண்டு பேருமே கடலுக்குப் போவோம்னு கூட்டிட்டு வந்துட்டேன்."

மணலில் தள்ளாடிய கால்கள் மார்பளவு தண்ணீரில் நிமிர்ந்துகொண்டன. ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் டிக்கெட் கொடுத்த அதே நிற்பு. "முட்டியைத் தூக்குங்க! செத்த கோழி மாதிரி மிதக்காதீங்க!" மிதவை வரை நடத்திப் போய்த் திரும்பக் கூட்டிவந்தார். சீபர்ட்டுக்கு மூச்சு வாங்கியது. வெல்டாவோ பாடிக்கொண்டு வந்தார். வலி இந்த மனுஷியைப் படுத்துதா, இந்த மனுஷி வலியைப் படுத்துறாங்களா என்று அவருக்குத் தோன்றியது.

கரையேறியதும் மற்றவர்கள் தேங்காய் ரொட்டிக் கடைக்கு நகர்ந்தார்கள். வெல்டா கவிழ்த்துப்போட்ட படகின்மேல் உட்கார்ந்தார்.

"நீ நில்லு சீபர்ட்."

நின்றார்.

"எம்பொண்ணு மார்வா கறாரா சொல்லிட்டா. தினமும் கரையேறினதும் யாராச்சும் என் உள்ளங்காலைப் பார்க்கணுமாம். இல்லேன்னா கடலே கிடையாதாம். அவ வேலைக்குப் போயிடுறா. எனக்குக் குனிய வரல. முகம் பார்க்கிற கண்ணாடியைக் கீழ வச்சுப் பார்த்தா கண்ணு தெரியல."

பிரசவ வலியில்கூட யாரையும் உதவிக்குக் கூப்பிடாதவர் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அவர் சீபர்ட்டின் முகத்தைப் பார்க்காமல், ஒரு காலால் மறுகாலை உந்தி ஷூவைக் கழற்றினார். வெளிறிய பாதத்தில் மணலும், ஆறிய வடுவும்.

"நீ சலூன்ல முடி வெட்டுற காலத்துல ஒரு பேன்கூட உன் கண்ணுக்குத் தப்பாதுன்னு பீத்திக்குவியே," என்றார். காலை மெல்ல நீட்டினார். "விரலிடுக்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும். தினமும். பார்ப்பியாப்பா?"